அறுநூறு ரூபாய் வேகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அறையில் இருந்தவர்கள்: சந்துரு, முப்பத்தெட்டு வயது, இரண்டு மாதமாக வேலை இல்லாதவன். தேவசேனா, முப்பத்தாறு வயது, நாளை மதியம் வரை அவன் மனைவி. தனசேகர், தேவசேனாவின் அண்ணன், தங்கையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்தவன். அலுமினியத்தில் செய்த வீடியோ கேம் பெட்டி ஒன்று, விலை ஐம்பத்தெட்டாயிரம். ஒரு பை தோத்தாபுரி மாம்பழம், தனசேகர் பங்காருபாளையத்திலிருந்து சுமந்து வந்தது.

வேறு யாரும் இல்லை. குழந்தை இல்லை. அதனால்தான் வக்கீல் இதைச் சுலபமான கேஸ் என்று சொல்லியிருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன் சித்தூர் கோர்ட்டில், மனம் ஒத்துப் பிரிகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மாதம் யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வாய்தா நாளைக்கு. இருவரும் நீதிபதி முன் நின்று ஆமாம் என்றால் முடிந்தது. ஒருவர் வேண்டாம் என்றால் மனு அதோடு நின்றுவிடும். சந்துருவே வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொல்லிவிடலாமா என்று பல நாள் யோசித்தும் பார்த்தான். போகிறேன் என்பவளைக் காகிதத்தால் கட்டி வைத்து என்ன செய்வது? அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கு அவனிடம் இருந்தது இந்த ஒரு காலைப்பொழுதுதான்.

பெட்டியை வாங்கியதும் இதற்காகத்தான். யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி, முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய கேம் பெட்டியைப் பணக்காரத்தனமாகத் திரும்பச் செய்து விற்கிறது. அதோடு ஒரு கேமும் வராது. பழைய கேசட் இருந்தால் சொருகி ஆடலாம், இல்லாவிட்டால் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். சந்துருவிடம் கேசட் இல்லை. அது தேவசேனாவிடம் இருந்தது. நகரியில் இருவர் வீடும் ஒரே தெருவில். அவள் அப்பா திருப்பதியில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிவந்த டூப்ளிகேட் பெட்டியில்தான் இருவரும் ஏழு வருடம் ஆடினார்கள். பெட்டி எப்போதோ செத்துப்போனது. கேசட் மட்டும் அவள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

போன் செய்தபோது, "அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"வா. காட்றேன்."

"என் சர்டிபிகேட் பைல் அங்கதான் கீது. அத்த எடுக்க வரணும். வர்றப்ப கொண்டாறேன்."

அவ்வளவுதான் அழைப்பு.

தனசேகர் பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தான். மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர் அவன். எதையும் தூக்கிப் பார்க்காமல் பேசமாட்டான்.

"இன்னா மாப்ளே, இவ்ளோ கனம். இட்லி குண்டான் மாதிரி கீது."

"ஒரே அலுமினியக் கட்டிய கொடஞ்சி செஞ்சது மச்சான்."

"எதுக்கு?"

சந்துரு யோசித்தான். "நல்லாருக்கும்னு."

"எத்தினி?"

"ஐம்பத்தெட்டு."

"ஐயாயிரத்து எண்ணூறா?"

"ஐம்பத்தெட்டாயிரம். கஸ்டம்ஸோட."

தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் தனசேகர் பெட்டியைக் கீழே வைத்தான். "உள்ள எத்தினி கேம் கீது?"

"ஒண்ணும் இல்ல. கேசட்டு நம்மதான் போடணும்."

"ஐம்பத்தெட்டாயிரத்துக்குக் காலிப் பொட்டி." தனசேகர் தங்கை பக்கம் திரும்பினான். "நாளைக்கு ஜட்ஜுகிட்ட இத சொன்னா போதும்மா. வேற காரணமே வேணாம்."

தேவசேனா சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் இன்னும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. ஸ்கேன் சென்டரில் முறைக்குக் காத்திருப்பவர்கள் உட்காருவதுபோல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தாள். மஞ்சள் கேசட். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேம் என்று போட்டிருந்தது. உண்மையில் ஏழு. மீதி எல்லாம் அதே ஏழுதான், வேறு வேறு பேரில்.

அவள் கேசட்டை வாயருகே வைத்துப் பலமாக ஊதினாள். எச்சில் பட்டால் உள்ளே துரு ஏறும் என்று சந்துரு எங்கோ படித்திருந்தான். சொல்லவில்லை.

டீவியில் படம் வந்தது. இவ்வளவு துல்லியமாக அந்தப் படத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு கட்டமும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓடும் இரண்டு சிப்பாய்கள். நீலம் அவள், சிவப்பு அவன். கேட்காமலே ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. தேவசேனாவின் நெற்றி சுருங்கியது.

முதல் பள்ளத்திலேயே அவள் செத்தாள். திரும்ப வந்தாள், ஓடிவந்த எதிரி மேல் முட்டிச் செத்தாள். நகரித் தெருவில் அவளை ஜெயித்த ஆள் கிடையாது. மூன்றாவது முறை குதிக்கவேண்டிய இடத்துக்கு முன்பே குதித்துத் தண்ணீரில் விழுந்தாள். சந்துரு அதற்கும் முன்பே முடிந்துபோயிருந்தான்.

"இது இன்னா இப்டி ஓடுது?" என்றாள். "பாட்டுகூட வேற மாதிரி கீது. பஸ்ஸுக்கு லேட்டான பேண்டு செட்டு மாதிரி."

"இதான் அதோட நெஜமான வேகம். செஞ்சவன் வெச்ச வேகம்."

"அப்போ நம்முது?"

"நம்முது டூப்ளிகேட் பொட்டி. நம்மூரு டீவிக்கு ஏத்த மாதிரி மாத்தி வெச்சிருந்தானுங்க. செகண்டுக்கு அறுபது படம் காட்டற எடத்துல அம்பதுதான் காட்டும். அதனால எல்லாமே மெதுவா ஓடிச்சி. பாட்டும்தான்."

"ஏழு வருசமா தப்பா வெளையாடிக்கினு இருந்தோமா?"

"ம்."

"அது தெரியறதுக்கு ஐம்பத்தெட்டாயிரமா?" என்றான் தனசேகர். மாம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். கத்தி எங்கே என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் எது எங்கே என்று அவனுக்குத் தெரியும். தங்கை வைத்ததெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது.

தேவசேனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் நேராக வந்து அவள் மடியில் விழுந்தது.

"கறுப்புத் துணி எங்க?"

"எடுத்துட்டேன்."

"பகல்ல எப்டி தூங்கற?"

"தூங்கறதில்ல. வேலைய உட்டுட்டேன். ஏப்ரல்ல."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

வரதய்யபாளையம் பக்கத்து செல்போன் பாகக் கம்பெனியில் அவனுக்கு இரவு ஷிஃப்ட். சித்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு விட்டவனுக்கு அதுவே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பினான். ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் ஐந்து வருடம் இரவு ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ் அவனைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். மாலையில் அவள் திரும்பும்போது அவன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பான். படிக்கட்டில் பார்த்துக்கொண்டால் அது நல்ல நாள். ஒரே படுக்கையில் மாறி மாறிப் படுத்தார்கள். அவன் படுக்கும்போது தலையணையில் அவள் எண்ணெய் வாசனை இருக்கும். ஆள் இருக்கமாட்டாள். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத கல்யாணம் அது. போட்டிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும்.

"ரெண்டு வருசம் கேட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "பகல் ஷிப்டுக்கு மாத்திக்கோன்னு. சம்பளம் கொறஞ்சா பரவால்ல, ரசம் ஊத்தித் துன்னுக்கலாம்னு சொன்னேன். ஞாபகம் கீதா?"

"கீது."

"நீ இன்னா சொன்ன?"

"நைட் அலவன்ஸ் போயிடும்னு."

"இப்போ இன்னா போச்சி?"

அவள் பெட்டியைக் கண்ணால் காட்டினாள்.

"வேலைய உட்டப்ப வந்த காசுல இத்த வாங்கன."

"ஆமா."

"எனக்குக் குடுக்காத பகல இதுக்குக் குடுத்துட்ட." அவள் கேம் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "பைலு எங்க? ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

ஃபைல் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. சந்துரு அதை எடுக்க எழுந்தான், எடுக்காமல் திரும்ப உட்கார்ந்தான்.

"மெதுவா ஓட வைக்கலாம்," என்றான்.

"இன்னாது?"

"இதுல. நம்ம வேகத்துக்கு. ஒரு நிமிசம் குந்து."

பெட்டியின் மெனுவுக்குள் போய், உள்ளே இன்னொரு மெனு, அதற்குள் இன்னொன்று என்று இறங்கினான். அந்தச் சின்னக் கம்பெனிக்காரன் எதையும் விட்டுவைக்கவில்லை. உலகத்தில் எங்கெங்கே எந்தெந்தத் திருட்டுப் பெட்டி எந்த வேகத்தில் ஓடியதோ அதையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தான். ஐம்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியை, அறுநூறு ரூபாய்ப் பெட்டியின் தப்பைச் செய்யச் சொல்லிப் பட்டனை அழுத்தினான் சந்துரு.

பாட்டு இறங்கியது. கனத்து, சோம்பலாக, ஒவ்வொரு அடியும் காலை இழுத்துக்கொண்டு வந்தது. நகரித் தெரு முழுக்கத் தறிச் சத்தம், அமாவாசைக்குத்தான் தறி ஓடாது. அன்றைக்கு மட்டும்தான் இந்தப் பாட்டு முழுசாகக் காதில் விழும். தேவசேனா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போடு," என்றாள்.

முதல் ஸ்டேஜை மூச்சு விடாமல் தாண்டினார்கள். கட்டை விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. எங்கே குனியவேண்டும், எந்தப் புதரிலிருந்து ஆள் வருவான், எல்லாம் கையிலேயே இருந்தது. மூன்றாவது ஸ்டேஜ் நீர்வீழ்ச்சி. பாறை பாறையாக மேலே ஏறவேண்டும். ஒருவர் அவசரப்பட்டு ஏறினால் திரையும் கூடவே ஏறிவிடும், கீழே இருப்பவர் காணாமல் போய்ச் சாவார்.

"டேய், மேல போவாத. நான் கீழ கீறேன்ல?"

அவன் நின்றான். சிவப்புச் சிப்பாய் ஒரு பாறையில் நின்று கீழ்நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தான். சிறுவயதில் அவள் அவனை டேய் என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணம் நிச்சயமான அன்று அவள் அம்மா அதை நிறுத்தச் சொன்னாள். அடுத்தவர் முன்னால் 'ங்க' என்றாள், தனியாக இருக்கும்போது எந்தச் சொல்லும் இல்லை. எட்டு வருடம் கழித்து அது இப்போது வந்திருக்கிறது. அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டால் போய்விடும். அவன் காட்டிக்கொள்ளவில்லை.

"லெஃப்டுல வர்றான் பாரு. குருடா நீ?"

"பாத்துட்டேன்."

"பாத்துத்தான் சாவறியா?"

ஐந்தாவது ஸ்டேஜ், பனி. அதில் சந்துருவின் தம்மு தீர்ந்தது.

உயிர் என்று அவர்கள் சொன்னதே இல்லை. தம்மு. ஆளுக்கு மூன்று தம்மு. இந்த கேமில் ஒரு வசதி உண்டு. உன்னுடையது தீர்ந்துவிட்டால் ஒரு பட்டனை அழுத்தி அடுத்தவருடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப வரலாம். பெட்டி யாரையும் அனுமதி கேட்காது. ஆனால் அவர்கள் இருவருக்குள் ஒரு முறை இருந்தது. "தம்மு குடு" என்று கேட்கவேண்டும். அடுத்தவர் "தீஸ்கோ" என்று சொன்ன பிறகுதான் அழுத்தலாம். கேட்பது தமிழில், எடுத்துக்கொள் என்று கொடுப்பது தெலுங்கில். ஏன் அப்படி என்று இருவருக்கும் தெரியாது. கேட்காமல் எடுத்தால் ஒரு வாரம் பேச்சு இல்லை.

புள்ளி ஏற ஏறக் கிடைத்ததையும் சேர்த்துத் தேவசேனாவிடம் இன்னும் நான்கு இருந்தது. அவன் கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது.

"தேவி."

"ம்."

"நாளைக்கு ஜட்ஜு கேக்கறப்ப, டைவர்ஸ் வேணாம்னு நீ சொல்லிடேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

நீலச் சிப்பாய் ஒரு குழியைத் தாண்டினான். அவள் கண் டீவியை விட்டு நகரவில்லை.

"நீ சொல்றதுதான?"

"நான் சொன்னா நீ கட்டாயத்துல மாட்டிக்கினு கெடப்ப."

"அதான் நான் சொல்லணும்."

"ம்."

சமையலறையில் தனசேகர் மாங்கொட்டையைச் சப்புவது கேட்டது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத," என்றாள். "உன்னுது மூணையும் பத்து நிமிசத்துல காலி பண்ணுவ. அப்பறம் என்னுத கேப்ப. நானும் தீஸ்கோ தீஸ்கோன்னு குடுத்துக்கினே இருப்பேன். கடசீல ரெண்டு பேரும் சேந்து சாவோம். ஏழு வருசத்துல ஒரு தபாகூட நான் இத்த முடிச்சதில்ல. இதோட கடசீல இன்னா வரும்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது."

"நான் மாறிட்டேன் தேவி."

"பாத்தேன். ஜன்னல் தொறந்து கீது."

"அப்போ?"

"அப்போ ஒண்ணும் இல்ல." பனியில் பெரிய டாங்கி ஒன்று உருண்டு வந்தது. அவள் பின்வாங்கிக் குனிந்து, எழுந்து சுட்டாள். "ரெண்டு வருசம் முன்னாடி தொறந்திருந்தா நான் போயிருக்கமாட்டேன். இப்போ சித்தூர்ல எனக்கு ஒரு ரூமு கீது. காலைல அஞ்சரைக்கு எழுந்து, படியில குந்திக்கினு டீ குடிக்கிறேன். யாருக்காவவும் சத்தம் போடாம நடக்க வேணாம். தனியாதான். ஆனா புடிச்சிப் போச்சி."

சந்துரு அவள் கையைப் பார்த்தான். கட்டை விரல் பட்டன் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதை அவள் யோசித்து யோசித்துத் தயார்செய்து கொண்டுவரவில்லை. டீ குடிப்பதைப்பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். அதனால்தான் அதற்கு எதிராக அவனால் எதையும் வைக்க முடியவில்லை. கோபத்தோடு வந்திருந்தால் அதை உடைத்திருக்கலாம்.

"தம்மு கேக்கலயா?" என்றாள். "நிக்கிறியே."

அவன் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

"வேணாம். நீ முடி."

அவள் ஒரு கணம் திரும்பினாள். அந்த ஒரு கணத்தில் ஒரு தம்மு போனது. "ச்சே," என்று சொல்லிவிட்டுத் திரையை நோக்கிக் குனிந்துகொண்டாள்.

தனசேகர் தட்டு நிறைய மாம்பழத் துண்டுகளோடு வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சந்துரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் துண்டு துண்டாக எடுத்துத் தின்றபடி பார்த்தார்கள். இதற்கு முன் அவள் காணாத இடங்கள். மேலிருந்து குத்தும் முட்கள், எதிரே நெருங்கிவரும் சுவர்கள். கடைசியில் துடிக்கும் ஒரு பெரிய இதயம். ஒரே தம்மு மிச்சமிருக்கும்போது அதைச் சுட்டு வெடிக்க வைத்தாள்.

ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது. தீவு வெடித்தது. பிறகு கறுப்புத் திரையில் யார் யாருடைய பெயர்களோ ஏறிக்கொண்டே போயின.

"இவ்ளோதானா?" என்றான் தனசேகர்.

"இவ்ளோதான் போல." அவள் கடைசிப் பெயர் மறையும் வரை பார்த்தாள். அவள் முகத்தைச் சந்துரு பார்த்தான். சந்தோஷமாக இருந்தாள். அதில் அவனுக்குப் பங்கு இல்லை.

சந்துரு எழுந்து பீரோவின் மேல்தட்டிலிருந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தான். பெட்டியிலிருந்து கேசட்டையும் உருவினான்.

"உன் பொட்டி காலியா கெடக்கும்," என்றாள்.

"கெடக்கட்டும். உன்னுதுதான் இது."

அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுக்கவில்லை.

தனசேகர் கை கழுவிக்கொண்டு வந்து பெட்டியை மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தான். "தப்பா நெனைக்காத மாப்ளே. நெஜமா சொல்லு. குடுத்த காசுக்கு வொர்த்தா?"

"பொட்டிக்குக் குடுக்கலாம் மச்சான். செஞ்சவன் சொன்னத செஞ்சிருக்கான், ஒரு குறை இல்ல." சந்துரு வயரைச் சுருட்டினான். "நான் பொட்டிக்குக் குடுக்கல."

தனசேகர் தலையை ஆட்டினான். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "நாளைக்கு அப்பறம் உன்ன இன்னான்னு கூப்புட்றது? மாப்ளேன்னு கூப்புட முடியாது."

"சந்துருன்னு கூப்புடு."

"பேரு சொன்னா ரேஷன் கடையில கூப்புட்ற மாதிரி கீது. வேணாம், மாப்ளேன்னே கூப்புட்றேன். கோர்ட்டு அதுக்கு ஒண்ணும் சொல்லாது." காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கிறேன் என்று கீழே இறங்கினான்.

தேவசேனா வாசலில் செருப்பு மாட்டினாள்.

"பத்தரைக்குக் கூப்புடுவாங்க. ஏழு மணி பஸ்ஸ புடி. லேட் பண்ணாத."

"வந்துர்றேன்."

"சாப்ட்டு வா. மத்தியானம் வரைக்கும் நிக்க வெச்சிடுவாங்க."

"சரி."

அவன் உள்பக்கம் நின்றான். அவள் வெளியே நின்று இரும்புக் கிரில் கதவை இழுத்தாள். தாழ்ப்பாளில் பூட்டு வாயைத் திறந்தபடி தொங்கியது. அவன் பகலில் தூங்கிய ஐந்து வருடமும் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். பூட்டு தொங்கினால் கூரியர்காரனோ பக்கத்து வீட்டாரோ பெல்லை அடிக்கமாட்டார்கள், அவன் தூங்கலாம். உள்ளே ஆணியில் இன்னொரு சாவி இருக்கும். எழுந்ததும் கம்பிக்கு நடுவே கையை விட்டு அவனே திறந்துகொள்வான்.

கீழே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. தனசேகர் தெலுங்கில் பேரம் பேசுவது மேலே வரை கேட்டது. "வர்றேண்ணா," என்று படியைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே, அவள் கை தாழ்ப்பாளைத் தள்ளியது, பூட்டை எடுத்து வளையத்தில் மாட்டியது, உள்ளங்கையால் அழுத்தியது. பூட்டு டக்கென்று மூடிக்கொண்டது. ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.